மகப்பேறின்மையும் ஆணின் பங்கும்

தமிழில் 'மலடி' என்றொரு சொல் உண்டு. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் முன்னது தெருவெங்கும் வழங்குகிறது. பின்னதோ அகராதியை விட்டு வெளியே வருவதே அரிது. மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் தொட்டில் ஆடாத வீட்டில், எல்லாருடைய கண்ணும் மருமகள்மீதே விழுகின்றது. மருந்து அவளுக்கு, நேர்ச்சை அவளுக்கு, ஏச்சும் அவளுக்கே. கணவனை ஒரு சொல் கேட்பார் இல்லை. ஈற்றில், 'வம்சம் விளங்க வேண்டும்' என்று அவனுக்கு வேறொரு பெண்ணைத் தேடும் வீடுகளும் உள. இரண்டாவது மனைவியும் கருவுறாதபோதுதான், குறை எங்கிருந்தது என்ற ஐயம் முதன்முறையாக எழுகிறது. அதற்குள் ஒரு பெண்ணின் வாழ்வு பாழாகிவிட்டிருக்கும்.

அரபு மொழியில் பிள்ளைப்பேறு அற்றவரைக் குறிக்க 'அகீம்' என்ற சொல் வழங்குகிறது. இச்சொல்லின் இயல்பு கருதத்தக்கது. ஆணைக் குறிப்பினும் பெண்ணைக் குறிப்பினும் அதன் வடிவம் ஒன்றே. திருமறையின் அஷ்ஷூரா அத்தியாயம், இறைவன் தான் நாடியோருக்குப் பெண்மக்களையும் ஆண்மக்களையும் வழங்குவதைச் சொல்லி, நாடியோரை அகீமாக ஆக்குவதையும் சொல்கிறது. அவ்விடத்தில் ஆண் என்றோ பெண் என்றோ பிரித்துக் கூறப்படவில்லை. ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் மகப்பேறு வேண்டி இறைஞ்சிய வரலாற்றிலும், அவர்கள் முதற்கண் முறையிட்டது தம் எலும்புகள் தளர்ந்ததையும் தம் தலை நரைத்ததையுமே; மனைவியின் நிலையைச் சொன்னது அதன் பின்னரே.

சொல்லில் இருந்த இந்த நடுநிலை, மனித அறிவின் வரலாற்றில் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரை. ஆணின் விந்தைப் பற்றி மாந்தர் எண்ணியவை யாவை, கண்டறிந்தவை யாவை, இன்று மருத்துவர் 'இயல்பு' என்று கூறுவதன் பொருள் யாது என்பன நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். கூச்சத்தால் மூடி வைக்கப்பட்ட அறிவினால் நீதி பிறப்பதில்லை.

விதையும் நிலமும்

பண்டைய கிரேக்கத்தில் இது குறித்து இரு கட்சிகள் இருந்தன. ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள், ஆணும் பெண்ணும் இருவருமே வித்தைத் தருகின்றனர் என்றன. கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் இதனை ஏற்கவில்லை. கருவுக்கு வடிவத்தையும் உயிர்ப்பையும் தருவது ஆணின் விந்து; பெண் தருவது வெறும் மூலப்பொருள் மட்டுமே என்பது அவர் கொள்கை. பாலில் சிறிது உறை ஊற்றினால் பால் முழுதும் உறைவதைப் போல, பெண்ணிடத்துள்ள பொருளை ஆணின் விந்து உறையச் செய்கிறது என்று அவர் உவமை கூறினார்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவ மேதை கேலன், விந்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பெண்ணுக்கும் வித்து உண்டு, அதற்கான உறுப்புகளும் உண்டு என்று அவர் வாதிட்டார். எனினும் மக்கள் மனத்தில் வேரூன்றியது அரிஸ்டாட்டிலின் கருத்தை ஒத்த எண்ணமே. ஆண் விதைப்பவன், பெண் விளைநிலம் என்ற பேச்சு உலகின் பல மொழிகளில் உண்டு. நம் மொழியிலும் உண்டு. உவமை என்ற அளவில் அதில் குற்றமில்லை. அதனை உண்மை நிலை என்று கொண்டபோதுதான் ஒரு பெரும் அநீதி புகுந்தது. பிள்ளை பிறந்தால் அது ஆணின் வித்து; பிறக்காவிடில் அது பெண்ணின் நிலத்துக் குறை! விளைச்சலின் பெருமை ஒருவருக்கும், வறட்சியின் பழி மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது. நெல் முளைக்காத வயலில் நிற்கும் உழவன்கூட, விதை நெல் பதரோ என்று ஒரு பிடி அள்ளிப் பார்ப்பான். மனித வாழ்வில் அந்தச் சிறு முறைமைகூடக் கைக்கொள்ளப்படவில்லை.

அரபு மருத்துவமும் நபிமொழியும்

இச்சூழலில் இஸ்லாமிய உலகம் இக்கேள்வியை எதிர்கொண்ட விதம் தனிச்சிறப்புடையது. மனிதன் கலப்புற்ற துளியினின்று படைக்கப்பட்டான் என்று திருமறை கூறுகிறது. 'நுத்ஃபா அம்ஷாஜ்' என்னும் அத்தொடருக்கு விரிவுரையாளர் பலர், ஆண் பெண் இருவரின் நீரும் கலந்தது என்றே பொருள் கண்டனர். உம்மு சுலைம் (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணி, பெண்ணுக்கும் நீர் வெளிப்படுவது பற்றி அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரிடையாக வினவினார். அவ்வாறு இல்லையெனில் பிள்ளை தாயை ஒத்திருப்பது எவ்வாறு என்ற கருத்தில் அண்ணலார் விடையளித்தார்கள். அவ்வினாவைக் கேட்டு அருகிலிருந்தோர் நாணினர். ஆயினும் வினவியவர் கண்டிக்கப்படவில்லை. கூச்சத்துக்குரிய பொருளிலும் உண்மையைக் கேட்டறியலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சியை அறிஞர் பெருமக்கள் சான்றாகக் காட்டுவர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) என்பாரும் அவர்தம் மாணாக்கரும் கேலனின் நூல்கள் பலவற்றை மொழிபெயர்த்தனர். பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், 'ஸாதுல் முஸாஃபிர்' என்னும் தம் நூலின் ஆறாம் பகுதியை ஆண் பெண் இருவரின் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் நோய்களுக்கென்றே ஒதுக்கினார். அந்நூல் பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மாணவரின் கைகளிலும் தவழ்ந்தது.

இவ்வரிசையில் தலையாயவர் இப்னு சீனா (980-1037). அவருடைய 'அல் கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் மூன்றாம் பாகத்தில் ஆணுறுப்புகளுக்கு ஒரு பிரிவும் பெண்ணுறுப்புகளுக்கு ஒரு பிரிவும் உள்ளன. பிள்ளைப்பேறின்மையின் காரணங்களை அவர் அடுக்கிச் சொல்லும்போது, ஆணின் விந்திலுள்ள குறை, பெண்ணிடத்துள்ள குறை, கருப்பையின் குறை, ஆணுறுப்புகளின் குறை என்று இரு தரப்பையும் சேர்த்தே கூறுகிறார். குறை எவரிடத்தில் என்று அறிய அக்காலத்தில் சொல்லப்பட்ட சோதனைகளையும் குறிப்பிடுகிறார். நீரில் இட்டால் எது மிதக்கிறதோ அதில் குறை என்பது ஒன்று. இருவரின் சிறுநீரையும் தனித்தனியே கீரைச்செடியின் வேரில் ஊற்றி எது வாடுகிறது என்று பார்ப்பது மற்றொன்று.

இச்சோதனைகள் இன்றைய அறிவியலின்முன் நில்லா. விந்தில் உயிரணு உண்டா இல்லையா என்பதை மிதப்பதைக் கொண்டோ, நிறத்தைக் கொண்டோ, தடிப்பைக் கொண்டோ அறிய இயலாது. விந்தின் பெரும்பகுதி விந்துப்பைகளும் புரஸ்தச் சுரப்பியும் சுரக்கும் நீரே. உயிரணுக்கள் அதில் மிகச் சிறு பங்குதான். ஆயினும் அச்சோதனைகளுக்கு அடியில் இருந்த நெறி பழுதற்றது. கணவன் மனைவி இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதே அந்நெறி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மருத்துவ நூலில் இருந்த அந்த நெறி நம் வீடுகளில் இன்னும் முழுமையாகப் புகவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

சட்ட அறிஞர் கண்ட வேறுபாடு

மருத்துவரைப் போலவே பிக்ஹு சட்ட அறிஞரும் இதில் நுட்பமான பாகுபாட்டைக் கண்டனர். உறவு கொள்ள இயலாதவன் 'இன்னீன்'. உறுப்பு அறுபட்டவன் 'மஜ்பூப்'. விரை நீக்கப்பட்டவன் 'கஸிய்யு'. உறவு கொள்ள வல்லவனாயினும் பிள்ளைப்பேறு அற்றவன் 'அகீம்'. நான்கும் வெவ்வேறு நிலைகள். இவற்றுள் முதலாவதையும் நான்காவதையும் ஒன்றெனக் கருதுவதே நம் காலத்துப் பெருந்தவறு. விந்துச் சோதனைக்குச் செல்வது என்றாலே 'என் ஆண்மையைச் சந்தேகிக்கிறீர்களா?' என்று ஆடவர் சினப்பது இம்மயக்கத்தினால்தான். ஆண்மை வேறு, உயிரணுவின் எண்ணிக்கை வேறு. உடல் வலிமையும் இல்லற இன்பமும் குறைவற அமைந்த ஒருவரின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாதிருக்கலாம். அதை அவரே அறியார்.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இப்னு ஸீரீன் வழியாக ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது. அரசுப் பணிக்கு அனுப்பப்பட்ட ஒருவர் சென்றவிடத்தில் ஒரு பெண்ணை மணந்தார். அவர் பிள்ளைப்பேறு அற்றவர். இந்நிலையை அப்பெண்ணிடம் அறிவித்தாயா என்று கலீபா கேட்டார்கள். அறிவிக்கவில்லை என்றார் அவர். சென்று உண்மையைக் கூறி, உடன் வாழ்வதா பிரிவதா என்பதை அவள் விருப்பத்துக்கு விடுமாறு கலீபா பணித்தார்கள். சட்ட அறிஞருள் பெரும்பாலோர் பிள்ளைப்பேறின்மையை மணத்தை முறிக்கும் குறையாகக் கொள்ளவில்லை. அது வேறு விவாதம். நாம் ஈண்டு நோக்க வேண்டியது, ஏழாம் நூற்றாண்டிலேயே குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது என்பதையும், அதை மறைப்பது பெண்ணுக்கு இழைக்கும் தீங்கு என்று உணரப்பட்டது என்பதையுமே.

'இன்னீன்' என்று மனைவி முறையிட்டால் காஜி கணவனுக்கு ஓராண்டுத் தவணை தருவார். ஏன் ஓராண்டு? ஆண்டுக்குள் நான்கு பருவங்களும் வந்து போகும். வெப்பத்தாலோ குளிராலோ நேர்ந்த கோளாறாயின் ஏதேனும் ஒரு பருவத்தில் நீங்கிவிடும் என்று 'ஹிதாயா' போன்ற நூல்கள் காரணம் கூறுகின்றன. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கணவன் வேண்டினால் நீதிமன்றம் ஓராண்டுத் தவணை தர வேண்டும் என்றே விதித்தது. முடிவு கூறுமுன் காலம் கொடு, சோதித்துப் பார் என்ற இக்கொள்கை மருத்துவத்துக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

டெல்ஃப்ட் நகரத்துக் கண்ணாடி

கண்ணால் காணாது கருத்தால் மட்டுமே வாதிட்ட காலம் 1677இல் முடிவுக்கு வந்தது. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் அந்தோனி வான் லேவன்ஹூக் என்ற துணி வணிகர் இருந்தார். கல்லூரி காணாதவர்; ஆனால் தம் கையாலேயே கண்ணாடி தேய்த்து உருப்பெருக்கிகள் செய்வதில் நிகரற்றவர். யோஹான் ஹாம் என்னும் மருத்துவ மாணவர் ஒரு நோயாளியின் விந்தில் உயிருள்ள சிறு பிராணிகளைக் கண்டதாக அவரிடம் கூறினார். லேவன்ஹூக் தம் விந்தையே ஆராய்ந்தார். மணற்பருக்கை அளவு இடத்தில், வாலை அசைத்து நீந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள் தெரிந்தன.

அவ்வாண்டு நவம்பரில் லண்டன் ராயல் சங்கத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி நம் உள்ளத்தைக் கவர்கிறது. தாம் ஆராய்ந்தது பாவமான வழியில் பெற்றதன்று. மனைவியோடு கூடிய இல்லற உறவின்பின் எஞ்சியதே என்று அவர் வலிந்து விளக்கினார். கற்றோர்க்கு இது அருவருப்பாகத் தோன்றுமாயின் வெளியிடாது விட்டுவிடலாம் என்றும் வேண்டிக்கொண்டார். நாணம் எல்லாச் சமயத்தார்க்கும் உண்டு. அந்த நாணத்தோடேயே அவர் உண்மையைக் கூறினார்.

கண்டதன் பொருளை உணர மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. உயிரணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் மடங்கிக் கிடக்கிறான் என்று எண்ணி 1694இல் ஹார்ட்ஸூக்கர் என்பார் படமே வரைந்தார். விதையே முழுப்பிள்ளை, பெண் வெறும் நிலம் என்ற பழைய எண்ணத்தின் மறுபிறவி அது. 1827இல் ஃபான் பேயர் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டார். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலி என்னும் உயிரினத்தில், உயிரணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாகக் கலப்பதை நுண்ணோக்கியில் கண்டறிந்தார். பிள்ளை உருவாக இருவரும் பங்களிக்கின்றனர் என்பது அன்றுதான் கண்ணால் கண்ட உண்மையாயிற்று.

எண்ணிக்கையும் இயல்பும்

இருவருக்கும் பங்கு உண்டெனில் ஆணின் பங்கை அளப்பது எவ்வாறு? இரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடிப் பலகையைக் கொண்டு விந்தணுக்களை எண்ணும் முறையை 1929இல் அமெரிக்காவில் மேகோம்பர், சாண்டர்ஸ் என்ற இருவர் வகுத்துரைத்தனர். ஒரு மில்லி லிட்டருக்கு 6 கோடி என்பது அவர்கள் வைத்த எல்லை. 1951இல் மேக்லியாட், கோல்ட் என்னும் அறிஞர்கள், தந்தையராகக் கூடியவர் என அறியப்பட்ட 1000 ஆடவரையும் பிள்ளையில்லா மணவாழ்வினர் 1000 பேரையும் ஒப்பிட்டு, அந்த எல்லை 2 கோடி என்றனர். 6 கோடி என்ற அளவுகோலின்படி குறையுடையவராகத் தள்ளப்பட்ட பலர் உண்மையில் தந்தையராகி இருந்தனர் என்பது இதனால் புலப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் விந்துச் சோதனைக்கான கையேட்டை 1980இல் முதன்முதலாக வெளியிட்டது. பின்னர் 1987, 1992, 1999, 2010, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வந்தன. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் கண்ட கீழெல்லைகள் வருமாறு: ஒருமுறை வெளிப்படும் விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் உயிரணுக்கள் 1 கோடியே 60 லட்சம். மொத்த உயிரணுக்கள் 3 கோடியே 90 லட்சம். அசைவன நூற்றுக்கு 42. முன்னோக்கி நீந்துவன நூற்றுக்கு 30. உருவம் செம்மையாக அமைந்தவை நூற்றுக்கு 4.

ஈற்றில் கண்ட எண்ணைப் பார்த்து மருள வேண்டா. நூற்றில் நான்கே உருவம் செம்மையாயிருந்தும் தந்தையராகலாம். இவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்று அறிந்தால் தெளிவு பிறக்கும். மனைவியர் ஓராண்டுக்குள் கருவுற்ற, பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3500 ஆடவரின் விந்து ஆராயப்பட்டது. அத்தகைய தந்தையர் நூறு பேரைக் குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண்வரை வரிசையாக நிறுத்தினால், ஐந்தாமவர் நிற்குமிடமே மேற்கூறிய எல்லை. அவ்வெல்லைக்குக் கீழ் நிற்பவரும் தந்தையரே என்பதை மறக்கலாகாது. எனவே இவ்வெண்கள் ஆண் மலடா அன்றா என்று தீர்ப்பெழுதும் கோடு அல்ல. எண் குறைந்தால் வாய்ப்புக் குறையும், காலம் நீளும் என்று குறிப்புணர்த்தும் அடையாளங்களே அவை. அவ்வாறே எண்கள் நிறைவாக இருப்பதும் உறுதிச்சீட்டு ஆகாது.

ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதலும் கூடாது. விரைகளில் ஓர் உயிரணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்கள் வேண்டும். இன்றைய விந்து ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முந்தைய உடல்நிலையின் சாட்சி. இடையில் கடுங்காய்ச்சல் கண்டிருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாக வீழ்ந்திருக்கும். ஆதலின் முதற்சோதனையில் குறை தென்பட்டால், இடைவெளி விட்டு மீண்டும் சோதிப்பர். காஜி ஓராண்டுத் தவணை தந்ததன் நியாயம் இங்கு வேறு உருவில் விளங்குகிறது அன்றோ!

சோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவின்றி இருத்தல் வேண்டும். விந்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாதிரி தர மனம் ஒவ்வாதார், மருத்துவரைக் கேட்டு, மனைவியின் துணையோடு இல்லத்திலேயே எடுத்துச் செல்லலாம். உயிரணுவுக்குத் தீங்கு செய்யாத தனி உறைகளும் இதற்கென உண்டு. டெல்ஃப்ட் நகரத்து வணிகருக்கு இருந்த அதே மனத்தடைக்கு இன்று வழி பிறந்துள்ளது.

சொட்டு இரத்தம் என்னும் அச்சம்

விந்து இரத்தத்திலிருந்து பக்குவப்பட்டு உண்டாகிறது என்று கிரேக்கர் எண்ணினர். உணவு இரத்தமாகி, தசையாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மச்சையாகி, ஈற்றில் விந்தாகிறது என்று ஆயுர்வேதம் ஏழு தாதுக்களை வகுத்தது. நுண்ணோக்கி இல்லாத காலத்து ஊகங்கள் இவை. ஆனால் இவற்றை வைத்து இன்றும் வாணிகம் நடக்கிறது. இத்தனை சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்றும், உறக்கத்தில் வெளிப்பட்டால் உடல் உருக்குலையும் என்றும் இளைஞரை அச்சுறுத்தி, விடுதி அறைகளில் தங்கி லேகியம் விற்பாரை நாம் அறிவோம். பருவமடைந்த ஆணின் விரைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் உயிரணுக்களை இடையறாது உண்டாக்குகின்றன. உறக்கத்தில் வெளிப்படுவதை நம் சட்ட நூல்கள் நோய் என்று கூறவில்லை. குளிப்புக் கடமையாகும் ஓர் இயல்பான நிகழ்ச்சி என்ற அளவிலேயே பேசுகின்றன.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இப்போது பரவுகிறது. ஆண்மை பெருகும், தசை திரளும் என்று நம்பி டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் அதனையொத்த மருந்துகளும் போட்டுக்கொள்ளும் இளைஞர் உளர். வெளியிலிருந்து இச்சுரப்பைச் செலுத்தினால், மூளையடிச் சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திக்கொள்ளும். உயிரணு உற்பத்தி குன்றும். முற்றிலும் நின்றுபோதலும் உண்டு. மருந்தை நிறுத்தினால் பலருக்கு மாதக்கணக்கில் மீண்டுவரும், எல்லாருக்கும் அன்று. ஆண்மையைத் தேடிப் போய்த் தந்தைமையை இழப்பது இதுவே.

காரணங்கள் பல

பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறை தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. காரணங்கள் பலதிறத்தன. விரைகள் உடலின் வெப்பத்தைவிடச் சில டிகிரி குளிர்ச்சியில் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. விரையைச் சூழ்ந்த நாளங்கள் புடைத்தல் குறைக்கு ஒரு காரணம். பலருக்கு அறுவை மருத்துவத்தால் சீர்ப்படும். பருவமடைந்தபின் வரும் பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கலாம். பிறந்த ஆண்மகவின் விரை பைக்குள் இறங்காதிருப்பின், ஒன்றரை வயதுக்குள் மருத்துவம் செய்தல் வேண்டும். தாய்மார் இதனைக் கருத்திற் கொள்க. புகையிலை, மிகையான உடற்பருமன், சர்க்கரை நோய் ஆகியனவும் தீங்கு செய்யும். விந்தில் உயிரணுவே இல்லையெனினும், அது பாதையில் அடைப்பினாலா, உற்பத்திக் குறைவினாலா, சுரப்பிக் கோளாற்றினாலா என்று பிரித்தறிந்து மருத்துவம் செய்யும் வழிகள் உள.

தொழிலாலும் கேடு வரும் என்பதை 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து லாத்ராப் என்னும் ஊரில் நடந்த செய்தி உலகுக்கு உணர்த்தியது. பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய ஆடவர், தம்முள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைப் பேச்சுவாக்கில் உணர்ந்தனர். சோதித்தபோது பலரின் விந்தில் உயிரணு மிகக் குறைந்திருந்தது. சிலரிடம் அறவே இல்லை. டி.பி.சி.பி. என்னும் புழுக்கொல்லி மருந்தே காரணம் எனக் கண்டறியப்பட்டது. கோஸ்டா ரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளரும் இதே மருந்தால் பாதிப்புற்றனர். அத்தொழிலாளர் கூச்சத்தால் வாய் மூடியிருந்தால், குற்றம் அவர்தம் மனைவியர் தலையிலேயே விழுந்திருக்கும். உண்மை வெளிப்பட்டது ஆண்கள் ஒருவரோடொருவர் மனம் திறந்து பேசியதனால்தான்.

உலகெங்கும் உயிரணுக்கள் குறைந்து வருகின்றனவா என்ற வினாவும் எழுந்துள்ளது. 1992இல் டென்மார்க் ஆய்வாளர் 61 ஆய்வுகளைத் தொகுத்து, அரை நூற்றாண்டில் சராசரி 11 கோடியே 30 லட்சத்திலிருந்து 6 கோடியே 60 லட்சமாகக் குறைந்தது என்றனர். 2017இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, மேலை நாடுகளில் 1973க்கும் 2011க்கும் இடையே பாதிக்கு மேல் வீழ்ச்சி என்றது. பழைய கணக்கு முறைகளும் புதியனவும் ஒப்பிடத்தக்கனவா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். வாதம் எவ்வாறாயினும், ஆணின் உடல்நலமும் பேணத்தக்க பொருள் என்பதில் இரு கருத்தில்லை.

புதிய வாயில்கள்

1978இல் சோதனைக் குழாய் முறையில் முதற்குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. 1980இல் அன்றைய எகிப்து முஃப்தி ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள் இதுபற்றி மார்க்கத் தீர்ப்பு வழங்கினார்கள். கணவனின் உயிரணுவும் மனைவியின் முட்டையுமே மணவாழ்வு நிலைத்திருக்கும் காலத்தில் சேர்க்கப்படுமாயின் அது ஆகும். மூன்றாமவரின் வித்து புகுதல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர், ஒரே ஓர் உயிரணுவை ஊசிமுனையால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையில் வெற்றி கண்டதாக அறிவித்தனர். கோடிக்கணக்கில் வேண்டும் என்றிருந்த நிலை மாறி, உயிருள்ள ஒன்று கிடைத்தாலும் தந்தையாகும் வாய்ப்பு உண்டு என்றாயிற்று. முன்னர் வேற்றார் வித்தைத் தவிர வழியில்லை எனக் கைவிடப்பட்ட ஆடவர் பலருக்கு, மார்க்கம் ஏற்கும் எல்லைக்குள்ளேயே இவ்வாயில் திறந்தது. செலவு மிகுந்த முறை இது; எல்லா முறையும் பலிப்பதும் இல்லை. எனினும் குறை இன்னதென்று அறிந்தவர்க்கே இவ்வழியும் பயன்படும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயதுவந்தோருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் பிள்ளைப்பேறின்மையை ஒரு காலத்திலேனும் சந்திக்கின்றனர். நம் தெருவிலும் நம் உறவிலும் அவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய வீட்டுப் பெரியவர்கள் செய்ய வேண்டுவது ஒன்று. ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு நிற்கவில்லையெனில், கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரிடம் செல்லட்டும். மனைவியின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதமே போதும். பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல. வலியும் செலவும் உடையன. ஆணுக்குச் செய்யும் முதற்சோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. எளியதை விடுத்து அரியதைக் கொண்டு தொடங்குவது அறிவுடைமை ஆகாது.

கணவன் சோதிக்கப்படாத வீட்டில், மனைவியைக் குறையுடையாள் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. சான்றின்றி ஒருவர்மீது பழி சுமத்துவதை நம் நூல்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை நாம் அறிவோம். தலாக் பற்றியோ இரண்டாம் மணம் பற்றியோ வாயெடுக்குமுன், அந்த ஒரு தாள் அறிக்கை மேசைமேல் இருக்கட்டும். அதில் குறை காணப்படினும், அது ஓர் உறுப்பின் நிலையே அன்றி ஒரு மனிதனின் மதிப்பு அன்று. குறை கணவனிடத்தாயினும் மனைவியிடத்தாயினும் அது இருவருக்கும் வந்த சோதனை. இருவரும் சேர்ந்தே தாங்கட்டும்.